மேல்காற்றும் கசமும்: தாமிரபரணிக் கரையில் ஐந்து நாள் ஃப்ளை பிஷிங்

முதல் நாள், சனிக்கிழமை. கல்லிடைக்குறிச்சி

இன்று ஆற்றுப் பக்கமே போகவில்லை. கார் நெல் அறுப்பு முடிந்து தாள் காய்ந்து கிடக்கும் ஒரு வயலில்தான் முழுநாளும் பாடம். சொல்லிக்கொடுப்பவர் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் ஆசிரியர். சனி, ஞாயிறும் பள்ளி விடுமுறையும் அவருக்கு ஃப்ளை பிஷிங் வழிகாட்டி வேலை. ஊரில் ‘தூண்டில் சார்’ என்றால்தான் தெரியும். இப்போது காலாண்டு விடுமுறை. ஒரு தடவைக்கு நாலு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. வீசுகிற லைன் ஒவ்வொருவருக்கும் முன்னால் ஐம்பது அடி, பின்னால் ஐம்பது அடி போகும். அந்த இடம் இல்லாமல் நின்றால் பக்கத்து ஆள் காதில் முள் ஏறும்.

நம் ஊர்த் தூண்டிலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மண்புழு கோத்துப் போடும் தூண்டிலில் எடை ஈயக் குண்டில் இருக்கிறது. குண்டு பறந்து போகும், நைலான் நரம்பு அதன் பின்னால் போகும். ஃப்ளை என்பது இறகும் நூலும் சுற்றிய வெறும் முள். அதற்கு எடையே கிடையாது, கையால் எறிந்தால் காலடியில் விழும். ஆகவே எடையை லைனிலேயே வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள தடித்த லைன் அது. லைன் பறக்கிறது, ஃப்ளை அதோடு ஒட்டிக்கொண்டு போகிறது. இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறாதவரை கம்பை எவ்வளவு பலமாக வீசினாலும் பயன் இல்லை.

லைனின் எடைக்கு எண் உண்டு. முதல் முப்பது அடி எத்தனை கிரெயின் (ஒரு சிறு எடை அளவு) இருக்கிறது என்று பார்த்து அந்த எண்ணைத் தருகிறார்கள். 5 என்றால் 140 கிரெயின், 6 என்றால் 160, 8 என்றால் 210. கிராமில் சொன்னால் சுமார் 9, 10.4, 13.6. கம்பிலும் அதே எண் எழுதியிருக்கும். இரண்டும் பொருந்த வேண்டும். 8 எண் கம்பில் 5 எண் லைனைக் கட்டினால் கம்பு வளையவே வளையாது. மாற்றிக் கட்டினால் ஓலை மாதிரித் தொங்கும். வலைத்தளத்தில் கம்பை ஓரிடத்திலும் லைனை வேறிடத்திலும் மலிவாகப் பார்த்து வாங்குகிறவர்களில் பாதிப்பேர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆற்றுக்கு 9 அடி நீளமுள்ள 6 எண் கம்பு போதும். நாலு துண்டாகக் கழற்றிப் பஸ்ஸில் எடுத்துப் போகலாம். குளத்து விராலுக்கும் கழிமுகத்துக்கும் 8 வேண்டும்.

இன்னொன்றையும் வாங்கும்போதே பார்க்க வேண்டும். இந்தக் கலை குளிர்நாட்டு டிரவுட் மீனை வைத்து வளர்ந்தது. நம் மாநிலத்தில் டிரவுட் நீலகிரி போன்ற உயர்ந்த மலைகளின் குளிர்ந்த ஓடைகளில்தான் நிற்கும், தாமிரபரணியின் வெதுவெதுப்பில் பிழைக்காது. குளிர்நீருக்கென்று செய்த லைனும் நெல்லை வெயிலில் இளகித் துவண்டு, கம்பு வளையங்களில் ஒட்டும். ‘டிராப்பிகல்’ என்று போட்டிருப்பதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். டீட் கலந்த கொசுக் களிம்பு தடவிய கையால் லைனைத் தொடக் கூடாது. பூச்சு பிசுபிசுத்துப் போகும். காரின் முன்கண்ணாடிக்கு அடியில் போட்டு வைத்தாலும் கெட்டுவிடும்.

ரீலில் ஏற்றும் வரிசை: அடியில் பேக்கிங் நூல் ஐம்பது மீட்டர், அதன்மேல் லைன், லைன் நுனியில் லீடர் என்கிற நைலான் நரம்பு. லீடர் அடி தடித்து நுனி மெலிந்திருக்க வேண்டும். அப்போதுதான் லைன் உருண்டு வரும் வேகம் படிப்படியாகத் தணிந்து ஃப்ளை சத்தமில்லாமல் இறங்கும். கடை லீடர் விலை அதிகம் என்பதால் மூன்று கனத்தில் சாதாரண நரம்பு வாங்கி முடிந்துகொள்ளச் சொல்கிறார் ஆசிரியர். 0.45 மில்லிமீட்டர் நரம்பு 165 சென்டிமீட்டர், 0.33 நரம்பு 55, 0.23 நரம்பு 55. மொத்தம் ஒன்பது அடி. லைனோடு லீடரைச் சேர்க்கும் ஆணி முடிச்சுக்குத் தீர்ந்துபோன பால்பாயின்ட் ரீஃபில் குழாயை இரண்டு அங்குலம் வெட்டி வைத்திருக்கிறார். லைனையும் குழாயையும் சேர்த்துப் பிடித்து, லீடரின் அடியை ஐந்து சுற்று நெருக்கமாகச் சுற்றி, முனையைக் குழாய்க்குள் விட்டு, குழாயை உருவிவிட்டு இறுக்க வேண்டும். எந்த முடிச்சானாலும் இறுக்கும் முன் எச்சிலால் நனைப்பது கட்டாயம். காய்ந்த நைலான் உரசிச் சூடேறினால் அந்த இடத்திலேயே பலம் போகும்.

பிறகு வீச்சு. முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு. தலைக்குத் தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடி. கம்பளி நூல்தானே என்று கண்ணாடியைக் கழற்றினால் அன்றைய பாடம் முடிந்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

தலைக்கு மேலே கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். நுனியைத் தரையோடு தாழ்த்தி, லைனில் தொய்வில்லாமல் தொடங்க வேண்டும். மெல்ல எடுத்து, வேகம் கூட்டி, ஒரு மணியில் சட்டென்று நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தம்தான் வீச்சு. வளைந்த கம்பு நிமிரும்போது உள்ளிருக்கும் விசை முழுவதும் லைனுக்குப் போகிறது. நிறுத்தாமல் கையைப் பின்னால் சாயவிட்டால் விசை காற்றில் சிதறி, லைன் முதுகுக்குப் பின்னால் வயலில் விழும். நிறுத்தியபின் காத்திருக்க வேண்டும். லைன் பின்னால் முழுக்க விரியும்வரை முன்னால் தள்ளக் கூடாது. இதற்கு ஆசிரியர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். இருபது அடி லைன் வெளியே இருந்தால் மனசுக்குள் ‘தாமிரா’, நாற்பது அடி இருந்தால் ‘தாமிரபரணி’. சொல்லி முடித்தபின்தான் முன்வீச்சு. அதைப் பத்து மணியில் நிறுத்த வேண்டும்.

தப்பு எங்கே என்று சத்தமும் வடிவமும் சொல்லிவிடும். சாட்டை அடிப்பதுபோல் ‘படீர்’ என்றால் அவசரப்பட்டு முன்னால் தள்ளியாகிவிட்டது. உண்மையான ஃப்ளை கட்டியிருந்தால் அந்தச் சத்தத்தோடு அது அறுந்து போயிருக்கும். லைன் முன்னால் குவியலாக விழுந்தால் பத்து மணியில் நிற்கவில்லை. லைனின் மேல்பகுதி கீழ்ப்பகுதியை வெட்டிக்கொண்டு போனால் விசையைத் தொடக்கத்திலேயே மொத்தமாகக் கொட்டியிருக்கிறோம். இந்த மூன்றாவது தப்புதான் லீடரில் தானாக முடிச்சு போடும். அப்படி ஒரு முடிச்சு விழுந்த நரம்பின் பலம் ஏறக்குறையப் பாதி. ஐந்தாறு வீச்சுக்கு ஒரு முறை லீடரை விரலிடுக்கில் உருவிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

மாலை நாலரைக்கு மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, எழுந்தது. தென்மேற்குப் பருவம் ஓய்கிற சமயத்திலும் மலைக் கணவாய் வழியாக வரும் இந்தக் காற்றுதான் திருநெல்வேலிச் சீமையில் ஃப்ளை பிஷிங்குக்குப் பெரிய சோதனை. ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. வலக்கைக்காரர் வடகரையில் நின்று தெற்கே பார்த்து வீசினால் காற்று வலப்பக்கம் அடித்து லைனை முகத்தின்மேல் தள்ளும். தென்கரையில் நின்றால் காற்று இடப்பக்கமிருந்து வந்து லைனை உடம்பை விட்டு விலக்கிக்கொண்டு போகும். நாளை தென்கரைதான்.

இரண்டாம் நாள், ஞாயிறு. கல்லிடைக்குறிச்சியிலிருந்து சேரன்மகாதேவி வரை

எங்கே தூண்டில் போடக் கூடாது என்பதிலிருந்து தொடங்குவோம். பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு, முண்டந்துறை, மாஞ்சோலைப் பக்கம் எல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988 முதல் அப்படி. அங்கே கம்பை விரிப்பதே குற்றம். பாபநாசம் கோயில் படித்துறையில் பக்தர்கள் பொரி போட்டு வளர்க்கும் பெரிய மீன்கள் கூட்டமாகத் திரியும். அவற்றை நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். வழியில் எந்தக் கோயில் துறையிலும் ஆசிரியர் கம்பை எடுக்க விடுவதில்லை. அந்த மலையில் காக்காச்சியிலும் குதிரைவெட்டியிலும் மசீர் மீன் கிடைக்குமா என்று கேட்டு வருகிறவர்களை அவர் சேர்த்துக்கொள்வதே இல்லை.

படித்துறைகளால் இன்னொரு தொல்லையும் உண்டு. பரிகாரம் என்று ஆற்றில் விடுகிற வேட்டியும் சேலையும் கீழே வந்து பாறை இடுக்கில் சுற்றிக்கிடக்கின்றன. அடியில் போகிற ஃப்ளை துணியில் ஏறினால் மீன் கடித்ததுபோலவே கனக்கும். கம்பை வளைத்து இழுத்தால் நுனி ஒடியும். கம்பை நேராக நீட்டி, லைனைக் கையில் சுற்றாமல் ரீலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். அறுந்தால் லீடர் நுனிதான் அறும். துணியோடு வந்தால் அதைக் கரையேற்றிச் சாக்கில் கட்டிக் கொண்டுபோவது நால்வருக்கும் வேலை. இன்று மதியத்துக்குள் ஒரு சாக்கு நிறைந்தது.

இறங்கும் முன் தண்ணீர் விளிம்பில் ஒரு ஈர்க்குச்சியை நட்டார் ஆசிரியர். மேலே மின் உற்பத்திக்கோ பாசனத்துக்கோ தண்ணீரைக் கூட்டித் திறந்தால் ஆறு சத்தமில்லாமல் ஏறும். அரை மணிக்கு ஒரு தடவை குச்சியைப் பார்க்க வேண்டும். நாலு விரல்கடை முங்கியிருந்தால் பேச்சில்லாமல் கரையேற வேண்டும். ஆழம் தொடைக்கு மேல் வேண்டாம். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும், கையில் ஒரு தடி ஊன்றுகோலாக இருக்க வேண்டும். பாசிப் பாறைக்குக் கான்வாஸ் ஷூவின் அடியில் கயிற்றை நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினால் வழுக்காது.

இனி ஆற்றைப் படிப்பது. இந்தப் பயணத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். வீச்சைப் படம் பார்த்துப் பழகலாம், தாமிரபரணித் தண்ணீரை இங்கே நின்றுதான் பழக முடியும். குளிர்நாட்டு ஓடைக்காக எழுதிய பாடத்தில் அணைக்கட்டும் மடையும் கிடையாது. இங்கே ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். முதல் ஏழும் மன்னர் காலத்தவை, எட்டாவது வெள்ளையர் ஆட்சியில் கட்டியது. ஒவ்வொன்றிலும் ஆறு மூன்று விதமாக மாறுகிறது. அணைக்கு மேலே அசையாத ஆழம். அணைக்குக் கீழே கல்லில் நுரைத்து ஓடும் சலசலப்பு. அதையும் தாண்டினால் கசம், அதாவது ஆழமான மடு. சலசலப்பு முடிந்து கசம் தொடங்கும் உதட்டில்தான் மீன் நிற்கும். மேலேயிருந்து இரை அடித்து வருகிறது, ஆழம் கால் எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, காற்றோட்டமும் உண்டு. அணைச் சுவரையும் மதகையும் ஒட்டி நிற்கக் கூடாது. மேடான கல்தளத்தில் இழுப்பு அதிகம், அணை பார்க்கிறவர்களுக்கும் அது தொந்தரவு.

மீன் எப்போதும் நீர் வரும் திசையைப் பார்த்து நிற்கும். ஆகவே கீழிருந்து மேல்நோக்கிப் போக வேண்டும். ஃப்ளை 12 எண் முள்ளில் கட்டிய பழுப்பு நிற நிம்ஃப். தட்டானும் மேஃப்ளை என்கிற பூச்சியும் தண்ணீருக்குள் வாழும் பருவத்தின் சாயல் அது. முப்பது அடி தூரத்தில், மேல்நோக்கிச் சாய்வாகப் போட்டு, லைன் மிதந்து வர வர இடக்கையால் தொய்வை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். லீடர் லைனோடு சேரும் இடத்தில் நேற்றைய சிவப்புக் கம்பளியை ஒரு விரல் நீளம் கட்டினால் அதுவே தக்கை. அது நின்றால், அல்லது பக்கவாட்டில் நகர்ந்தால், கம்பை மெல்ல உயர்த்த வேண்டும். கெண்டை துப்பிவிட ஒரு நொடிகூட ஆகாது.

காலையில் நால்வருக்கும் ஒரு கடிகூட விழவில்லை. காரணம் லைனின் வயிறு. நடு ஆற்றின் வேகமான நீர் லைனை முன்னால் இழுத்துக்கொண்டு போக, ஃப்ளை ஓட்டத்தை மீறிப் பாய்ந்தது. இயல்பான புழு அப்படி ஓடாது என்று மீனுக்குத் தெரியும். போட்டவுடன் கம்பு நுனியால் ஒரு அரைவட்டம் போட்டு லைனின் வயிற்றை மேல்பக்கம் தூக்கிவைத்தால் மூன்று, நாலு நொடி ஃப்ளை இழுபடாமல் வரும். அதைப் பழகியபின் ஒன்பது மணிக்குள் சிறு கெண்டை ஏழும் ஜிலேபி மீன் மூன்றும்.

மீனைத் தொடும் முன் கையை நனைக்க வேண்டும். காய்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும், அந்த இடத்தில் பூஞ்சை ஏறும். முள்ளின் எதிர்முள்ளை நேற்றே குறட்டால் நசுக்கியாயிற்று. மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கத்தரி போன்ற மருத்துவக் குறட்டால் முள்ளைத் திருப்பினால் கழன்றுவிடும். கெண்டை எல்லாம் ஆற்றுக்கே. ஜிலேபி கூடைக்கு. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன் அது. மணலில் வட்டக் குழி பறித்து, முட்டையை வாயில் வைத்துக் காத்து, நம் மீனுக்கு இடமில்லாமல் பெருகிவிட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அப்படியே. இரண்டையும் திரும்ப விடுவது இரக்கம் ஆகாது என்று ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்கிறார். அது சரியான கண்டிப்பு.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பழைய கசங்கள் பல மண் மூடிவிட்டன, புதிய இடங்களில் பள்ளம் விழுந்திருக்கிறது. ஆண்டுக் கணக்கில் பழகிய இடம் என்று நம்பிக் கால் வைக்கக் கூடாது.

மூன்றாம் நாள், திங்கள். தார்சாவில்

காலையிலிருந்தே மேல்காற்று. மருதமரத்தின் உச்சி முறிகிற அளவுக்கு அடித்ததால் ஆசிரியர் வீட்டுத் தார்சாவில் (வீட்டின் முன்கட்டில்) உட்கார்ந்து ஃப்ளை கட்டினோம்.

நாளைக்கு விரால். அதற்குத் தவளை ஃப்ளை. பழைய ஹவாய் செருப்பின் ரப்பரில் 12 மில்லிமீட்டர் விட்டத்தில், 15 மில்லிமீட்டர் நீளத்தில் உருளை வெட்ட வேண்டும். வெட்ட ஏற்றது பழைய குடைக்கம்பியின் குழாய், முனையை அரத்தால் தேய்த்துக் கூர்மையாக்கியது. உருளையின் முன்முகத்தைச் சற்றே குழிவாகத் தேய்த்தால் இழுக்கும்போது ‘களக்’ என்று சத்தம் வரும். வயிற்றில் பிளேடால் ஒரு கீறல். முள் 2/0. முள்ளின் தண்டு முழுக்க நூலைச் சுற்றிய பிறகுதான் பசை தடவிக் கீறலுக்குள் ஏற்ற வேண்டும். வழவழப்பான இரும்பில் பசை பிடிக்காது, நூல் சுற்றாமல் ஒட்டினால் நாலாவது வீச்சில் ரப்பர் சுழன்றுவிடும். கீறலை மிக ஆழமாகப் போட்டால் முள்வாய் அடைபட்டு மீன் ஏறாது. முள்ளின் நுனிக்கும் ரப்பருக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைய வேண்டும்.

வாலுக்குச் சேவல் கழுத்து இறகு, பக்கத்துக்கு இரண்டு. இறகின் வளைவு வெளிப்பக்கம் பார்க்கும்படி கட்டினால் இழுக்கும்போது ஒடுங்கி, நிறுத்தும்போது விரியும். தவளை கால் உதைப்பது அப்படித்தான். கோழிக்கடையில் சொல்லி வைத்தால் சும்மாவே கொடுப்பார்கள். சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, கற்பூரத் துண்டோடு டப்பாவில் போட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி அரிக்கும். கொடிப்பாசி தடுக்க, 0.50 நரம்பை முள்ளின் முதுகிலிருந்து கண்வரை வளையமாகக் கட்ட வேண்டும். இதற்குப் பனைநாரும் பிடிக்கிறதா என்று ஒருவர் முயன்று பார்த்தார். நனைந்தபின் நார் துவண்டுவிடுகிறது. நிம்ஃபின் உடம்புக்கு ஆனால் மெல்லிய பனைநார் அருமை, கணுக்கணுவாகத் தெரிகிறது.

காட்டுக்கோழி இறகைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் நிறக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் மஞ்சள் மெழுகு தடவியதுபோல் புள்ளி இருக்கும். அந்தப் புள்ளிக்காகவே ஒரு காலத்தில் இங்கிலாந்தின் சால்மன் ஃப்ளைகளுக்கு அதைக் கப்பலேற்றினார்கள். இன்று அது சட்டம் காக்கும் பறவை. யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் தொடக் கூடாது. கடைச் சேவலின் இறகுக்கு மஞ்சள் நகப்பூச்சு ஒரு பொட்டு வைத்தால் மீனுக்கு வேறுபாடு தெரியப்போவதில்லை.

நான்காம் நாள், செவ்வாய். பத்தமடைப் பக்கம் ஒரு குளம்

குளத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. குத்தகைதாரர் அப்படிக் கேட்டுக்கொண்டார். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் பெறும் குளங்களில் ஒன்று என்பது போதும். குளத்து மீன் ஏலம் எடுத்தவருக்குச் சொந்தம். அவரிடம் கேட்காமல் கரையில் நின்று ஒரு முள்ளைப் போட்டாலும் திருட்டுதான். விடிவதற்கு முன்பே அவர் மடைப்பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன சார், நாலு பேரைக் கூட்டியாந்திருக்கீயளே, கெண்டைக் குஞ்சு விட்டு ரெண்டு மாசந்தான் ஆவுது.”

“கெண்டையத் தொட மாட்டோம் அண்ணாச்சி. விரால் மட்டுந்தான். அரைக் கிலோவுக்கு மேல உள்ளது உங்களுக்கு.”

“அப்பம் நல்லாப் பிடிங்க. எங்குஞ்சையெல்லாம் அதுதான முழுங்குது.”

ஏற்பாடு இதுதான்: ஒரு கம்புக்கு ஒரு நாள் வாடகை, பெரிய விரால் அவருக்கு, சிறியது குளத்துக்கு. கட்லாவும் ரோகுவும் வளர்க்கிறவருக்கு விரால் இழப்பு, ஆகவே இருவருக்கும் லாபம்.

குளத்தைப் படிக்கக் கரையைச் சுற்றி நடக்க வேண்டும். மடையருகே தண்ணீர் ஆழம், தண்ணீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம் முழங்கால் ஆழம். விரால் இருப்பது உள்வாயில், கோரையும் தாமரையும் மிதக்கும் அமலைச்செடியும் ஒன்றோடொன்று சேரும் ஓரத்தில். பாய் முடைய அறுத்த கோரைத் தட்டைகளுக்கு நடுவே ஒரு முழம் அகலத்துக்குத் திறந்த நீர் இருக்கும். அந்த இடைவெளிகள்தான் குறி. விரால் செவுளால் மட்டும் மூச்சு விடுவதில்லை. மேலே வந்து காற்றை விழுங்கிப் போகும். ‘களக்’ என்று ஒரு சத்தம், ஒரு வட்டம். வட்டத்தின் நடுவில் போடக் கூடாது. தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்த்து, அதற்கு நாலடி முன்னால் போட வேண்டும். தலைக்கு மேல் விழுந்தால் ஓடிவிடும், வெகுநேரம் அங்கே எழாது.

கம்பு 8, லைன் 8. லீடர் ஆறடிக்கு மேல் வேண்டாம். 0.40 நரம்பு நாலரை அடி, நுனியில் 0.50 ஃப்ளூரோகார்பன் நரம்பு ஒன்றரை அடி. விரால் பல் மெல்லிய நரம்பைக் கத்தரிக்கும். பின்னால் கரைமரமும் கருவேலமும் இருப்பதால் தலைக்குமேல் வீச இடமில்லை. இதற்கு உருட்டு வீச்சு. லைனைத் தண்ணீரில் கிடக்கவிட்டு, கம்பை மெல்லக் காதுவரை கொண்டுவந்து நிறுத்தி, தோளுக்குப் பின்னால் லைன் ஒரு பை மாதிரித் தொங்கியதும் முன்னால் தட்டிவிட வேண்டும். பின்வீச்சே இல்லை. தண்ணீரே லைனைப் பிடித்துக் கம்பை வளைக்கிறது. காய்ந்த தரையில் இதைப் பழக முடியாததற்கும் அதுதான் காரணம்.

தவளையைத் தாமரை இலைமேல் போட்டு, கொஞ்சம் காத்திருந்து, இலை விளிம்பிலிருந்து தண்ணீருக்குள் நழுவவிட வேண்டும். ஒரு சாண் இழு, மூன்று எண்ணு, மறுபடி ஒரு சாண். கடி பெரும்பாலும் நிறுத்தத்தில்தான் வருகிறது.

இந்த இடத்தில் ஆற்றுப் பழக்கம் கெடுக்கும். இன்று காலை மூன்று விரால் அடித்தன. மூன்று தடவையும் கம்பை உயர்த்தினார்கள், மூன்றும் போயின. கம்பை உயர்த்தினால் முள் மீனின் வாயிலிருந்து மேலே உருவிக்கொண்டு வரும், கெட்டியான தாடையில் ஏறாது. அடித்த சத்தம் கேட்டதும் ஒன்றும் செய்யக் கூடாது. கம்பு நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டு மீனையே பார்க்கட்டும். இடக்கையில் கனம் தெரிந்ததும் லைனை இரண்டடி வெடுக்கென்று இழுக்க வேண்டும். மறுபடி ஒரு தடவை இழுக்க வேண்டும். அதன்பிறகுதான் கம்பு எழும். ‘சத்தத்துக்கு இழுக்காதீய, கனத்துக்கு இழுங்க’ என்று ஆசிரியர் கரையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். நாலாவது கடியில் ஒருவர் கையைக் கட்டிப்போட்டதுபோல் நின்று, இழுத்து, ஏற்றினார்.

ஏறிய விரால் முதல் சில நொடிகளில் செடிக்குள் புகும். அங்கே ரீலைத் தேட நேரமில்லை. கையாலேயே லைனை வாரி இழுத்துத் திறந்த நீருக்குக் கொண்டுவர வேண்டும். புகுந்துவிட்டால் முரட்டு இழுப்பு வேண்டாம். லைனைத் தளர்த்திவிட்டு ஒரு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். பிடி தளர்ந்தது என்று அதுவே வெளியே வரும். மூன்றில் ஒன்றாவது வரும். கையில் எடுக்க நனைத்த பருத்தித் துண்டு. வெறுங்கையில் நிற்காது.

பத்து மணிவாக்கில் உள்வாயில் செம்மண் கரைத்துவிட்டதுபோல் ஒரு திட்டு நகர்ந்துகொண்டிருந்தது. விரால் பார்ப்பு. ஆயிரக்கணக்கான செந்நிறக் குஞ்சுகள் காற்றுக்கு எழுந்து எழுந்து அமிழ்கின்றன, அடியில் தாய் தகப்பன் காவல். அதன்மேல் எதைப் போட்டாலும் காவல் விரால் பாயும். பசிக்காகப் பாய்வதில்லை, குஞ்சைக் காக்கப் பாய்கிறது. பிடிக்க இதைவிட எளிய மீன் இல்லை, அதனால்தான் பிடிக்கக் கூடாது. காவல் போனால் அரை நாளில் அந்தத் திட்டைக் கெளுத்தியும் கொக்கும் முடித்துவிடும். ஆசிரியர் கம்புகளை எல்லாம் கரையில் வைக்கச் சொல்லி, திட்டு கோரைக்குள் போகும்வரை இருபது நிமிடம் காத்திருந்தார்.

மொத்தம் ஏழு கடி, மூன்று விரால். பெரியது ஒன்றேகால் கிலோ, குத்தகைதாரர் சாக்கில். சிறிய இரண்டும் குளத்தில்.

ஐந்தாம் நாள், புதன். புன்னைக்காயல்

ஆறு கடலில் சேரும் இடம். கொற்கையைவிட்டு விலகிப்போன கடல் இப்போது இங்கே இருக்கிறது. மீனவர் ஒருவரின் படகு, அவர் சொல்கிற இடத்தில் நிற்பது, அவர் திரும்பச் சொன்னால் திரும்புவது. மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா என்பதால் அந்தப் பக்கம் போவதில்லை.

தேடுவது கொடுவா மீன். அலையாத்திக்குள்ளிருந்து ஓடைகள் ஆற்றில் விழும் வாய்களில், நீர் இறங்கும் கடைசி இரண்டு மணி நேரம்தான் வேளை. இறங்குகிற நீர் இறாலையும் மடவைக் குஞ்சையும் வெளியே தள்ளும், கொடுவா வாயில் நின்று வாங்கிக்கொள்ளும். ஃப்ளை வெள்ளை ஆட்டு வால்முடியில், தலையில் ஈயக் கண் வைத்து, 1/0 துருப்பிடிக்காத முள்ளில் கட்டியது. நுனி நரம்பு 0.60, ஏனென்றால் கொடுவாவின் செவுள் மூடி கத்தி. கையையும் செவுளுக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது.

கடற்கரையில் மேல்காற்றுக்குக் கச்சான் என்று பெயர். அதற்கு எதிரே வீச இரட்டை இழுப்பு வேண்டும். பின்வீச்சு நிற்கும் கணத்தில் இடக்கை லைனைக் கீழே ஒரு முழம் இழுத்து, லைன் விரியும்போது கையை மறுபடி ரீலருகே விட்டுக்கொடுத்து, முன்வீச்சு நிற்கும்போது இன்னொரு முழம் இழுக்க வேண்டும். விட்டுக்கொடுப்பதை மறந்தால் தொய்வு விழுந்து எல்லாம் வீண். நால்வரில் ஒருவருக்கே இது இன்று கைவந்தது. கிடைத்தது ஒரு கொடுவா, ஒரு சிறு பாறை மீன்.

கரையேறியதும் முதல் வேலை நல்ல தண்ணீர். ரீலைக் கழற்றி, லைனை முழுக்க உருவி ஒரு வாளியில் போட்டு அலச வேண்டும். கம்பின் துண்டுகளைப் பிரித்து மூட்டுகளைத் துடைக்க வேண்டும். உப்பு உலர்ந்து மூட்டு பிடித்துக்கொண்டால் முறுக்கித் திறக்கும்போது உடையும். பயன்படுத்திய ஃப்ளையைப் பழைய டப்பாவில் போட்டால் மற்ற முள்ளெல்லாம் துருவேறும். அதைத் தனியே காயவைக்க வேண்டும்.

அடுத்த குழு அரையாண்டு விடுமுறையில். அப்போது வடகிழக்குப் பருவம் ஓய்கிற சமயமாக இருக்கும். ஆறு கலங்கி ஓடினால் ஃப்ளைக்கு அங்கே வேலையில்லை, குளத்துக்குப் போவார்கள். குளம் நிரம்பி மறுகால் பாய்ந்துகொண்டிருந்தால் அதற்குக் கீழே ஓடையில் விராலும் கெண்டையும் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறும். ஊரே மீன் பிடிக்கும் பறிக் கூடை வைத்துக் காத்திருக்கும் இடம் அது. அந்த வாரம் மறுகாலுக்கு இருநூறு அடிக்குள் ஆசிரியர் கம்பை விரிப்பதில்லை. முட்டையோடு ஏறுகிற மீன் குளத்துக்குள் போய்ச் சேரட்டும் என்று உள்வாய்ப் பக்கம் நடந்துவிடுவார்.